குதிரைக்குப் பின்னால் ஒரு சைலன்சர்

1

சென்ற ஆண்டு நவம்பரில் ஒரு சனிக்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு குதிரையின் பின்புறம். அது வேலியை விட்டு விலகி, பனி மூடிய மேய்ச்சல் நிலத்தின் மறுகோடிக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னும் மூன்று குதிரைகள் ஓடின. வேலிக்கு இந்தப் பக்கம் என் நண்பர் ஜெபசிங், நான்கு கொழுத்த டயர்களின் மேல் உட்கார்ந்திருக்கும் பைக் ஒன்றில், யாரையோ இடித்துவிட்டவரைப் போல முழித்துக்கொண்டிருந்தார். வண்டியின் பின்புறத்தில் ஒரு புத்தம் புதிய சைலன்சர் மின்னியது. அவர் கட்டைவிரலை வேகம் கொடுக்கும் விசையிலிருந்து எடுத்தார். சைலன்சருக்குள் மூன்று முறை வெடித்தது. நான்கு குதிரைகளும் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயின.

"அண்ணே, சவுண்டு எப்பிடி?" என்றார் ஜெபசிங்.

"எந்தச் சவுண்டு? வண்டியோட சவுண்டா, வெடிச் சவுண்டா?"

"ரெண்டும் சேத்துதான்."

கனடாவின் மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். என் சொந்த ஊர் ஆரல்வாய்மொழி. நாகர்கோவிலில் பத்திரிகை நிருபராக இருந்தேன். மனைவி ஸ்டெல்லா நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்ததால் நானும் வந்தேன். இப்போது ஊர் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறேன். ஜெபசிங் நெய்யூர்க்காரர், எலக்ட்ரீஷியன். ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலத்தோடு வீடு வாங்கியிருக்கிறார். அந்த நான்கு சக்கர பைக்குக்கு இங்கே ஏ.டி.வி. என்று பெயர். பனி தள்ளவும் விறகு இழுக்கவும் வைத்திருக்கிறார்கள். ஜெபசிங் அதைத் தபால் பெட்டி வரை போய்வரவும் வைத்திருக்கிறார்.

2

அந்தச் சைலன்சரை அவர் கடையில் வாங்கவில்லை. கோயிலில் ஏலம் எடுத்தார்.

குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவச் சபைகளில் அறுப்பின் பண்டிகை எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆராதனை முடிந்ததும் காணிக்கையாக வந்த வாழைக்குலை, சேவல், பூசணிக்காய் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஒரு முட்டைக்கு இரண்டு பெரிய மனிதர்கள் போட்டி போடுவார்கள். முட்டை யாருக்கும் தேவையிருக்காது. கடல் கடந்து வந்த எங்கள் சிறிய ஐக்கியம், வாடகை மண்டபத்தில், அந்த வழக்கத்தை அப்படியே காப்பாற்றி வருகிறது. வாழைக்குலைக்கும் சேவலுக்கும்தான் வழியில்லை. ஆகவே அவரவரிடம் இருப்பதைக் கொண்டுவருகிறார்கள். சென்ற ஆண்டு அக்டோபரில், உதிரிபாகக் கிடங்கில் வேலை பார்க்கும் ஒருவர் பெட்டி பிரிக்காத ஏ.டி.வி. சைலன்சர் ஒன்றைக் கொண்டுவந்து, சுரைக்காய்க்கும் ஊறுகாய் பாட்டிலுக்கும் நடுவில் வைத்தார்.

ஐக்கியத்தில் ஏ.டி.வி. வைத்திருப்பவர் ஜெபசிங் ஒருவர்தான். அவர் ஒரு தொகை சொன்னார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஸ்டெல்லா கையைத் தூக்கினாள்.

ஸ்டெல்லாவுக்குச் சைலன்சர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஏலத்தில் அப்படிக் கேட்பது வழக்கமில்லை. ஜெபசிங் ஏற்றினார். ஸ்டெல்லா ஏற்றினாள். அவர் மனைவி அவரது சட்டையைப் பிடித்து இழுத்தபோது, அது உற்சாகப்படுத்துவதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும், மேலும் ஏற்றினார். கடைசியில் ஸ்டெல்லா கையைக் கீழே போட்டு, "எடுத்துக்கிடுங்க, நமக்கு வண்டி இல்லியே" என்றாள். மண்டபம் முழுக்கச் சிரிப்பு.

கோயிலில் ஏலம் எடுத்த வாழைக்குலையை வழியில் விற்பவர்கள் உண்டா? தோளில் தூக்கி, நான்கு பேர் பார்க்க, வீட்டுக்குத்தான் கொண்டுபோவார்கள். பழைய சைலன்சருக்கு ஒரு குறையும் இல்லையே என்று நான் சொன்னபோது ஜெபசிங் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"கோயில்ல எடுத்தத மூலையில போட்டா வைக்கது? மாட்டி ஓட்டுனாத்தான் அண்ணே மரியாத."

மாட்டினார். குதிரைகள் ஓடின.

3

இதெல்லாம் அவருக்கும் குதிரைகளுக்கும் இடையிலான விவகாரமாகவே இருந்திருக்கும், டிசம்பர் ஊர்வலம் மட்டும் இல்லையென்றால்.

இங்கே கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரங்களில் ஊரின் பெரிய தெருவில் ஊர்வலம் போகும். தீயணைப்பு வண்டி, பள்ளிக்கூட வாத்தியக் குழு, அலங்கரித்த டிரெய்லர்கள். எங்கள் ஐக்கியமும் ஒரு டிரெய்லரில் உட்கார்ந்து பாட்டுப் பாடிப் போவதென்று முடிவானது. இழுக்க வேண்டியது ஜெபசிங்கின் ஏ.டி.வி. நகராட்சியில் அனுமதி வாங்க, விண்ணப்பம் எழுதிப் பழகியவன் என்பதால், என்னை அனுப்பினார்கள். ஜெபசிங்கும் கூட வந்தார்.

அங்கே டோனா என்ற அம்மையார் இருந்தார். நம்மூர் அலுவலகங்களில் முதலில் இல்லை என்பார்கள், பிறகு பார்க்கலாம் என்பார்கள். டோனா முதலிலிருந்தே எல்லாவற்றுக்கும் சரி என்றார். ஒவ்வொரு சரிக்குப் பின்னும் ஒரு விதி வந்தது. மிட்டாய் எறியலாம், கையில்தான் கொடுக்க வேண்டும். பாடலாம், வண்டி நிற்கக் கூடாது. கிறிஸ்மஸ் தாத்தா வரலாம்; ஊர்வலத்தின் கடைசியில் நகராட்சி ஏற்பாடு செய்யும் தாத்தா ஒருவர் மட்டும்தான் வரலாம்.

ஜெபசிங்கின் முகம் வாடியது. நம்மூரில் வீடு வீடாகப் பாடிக் கேரல் ரவுண்ட்ஸ் போகும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முகமூடி மாட்டிய தாத்தா தனித்தனியாக உண்டு. ஒரே முக்கில் நான்கு தாத்தாக்கள் எதிர்ப்பட்டு, யார் முதலில் ஆடுவது என்று சண்டை போட்டதை நானே செய்தியாக எழுதியிருக்கிறேன்.

"சிவப்புக் கோட்டு மட்டும் போடலாமா, மேடம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தாடி இல்லாமலா?"

"தாடி இல்லாமல்."

டோனா யோசித்துச் சரி என்றார். பிறகு, உங்கள் வண்டியில் திடீர்ச் சத்தம் ஏதும் வருமா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் ஜெபசிங் முந்திக்கொண்டு, "ஊர்வலத்துக்குள் எல்லாக் குண்டுவெடிப்பையும் நிறுத்திவிடுவோம்" என்று உறுதி கொடுத்தார். டோனாவின் பேனா நின்றது. சைலன்சர், பெட்ரோல், காற்று என்று நான் விளக்கி முடித்தபோது, எங்களுக்குப் பின்னால் வரிசையில் யாரும் இல்லை. கடைசியில் அவர் எங்கள் இடத்தை வரைபடத்தில் காட்டினார். குதிரைகளுக்கு நேர் பின்னால். அந்த இடத்தை வேறு யாரும் கேட்பதில்லையாம். காரணம் தெருவிலேயே தெரியும் என்றார்.

அந்தக் குதிரைகளில் ஒன்றின் மேல் என் மகள் ஃபெபா உட்கார்ந்திருப்பாள்.

4

ஃபெபாவுக்கு அப்போது பதினைந்து வயது. ஜெபசிங்கின் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது அவள் குதிரையேற்றம் படிக்கும் லாயம். அவள் ஏறும் குதிரையின் பெயர் பிஸ்கட். ஐக்கியத்துக்கு வருவதை அவள் நிறுத்தி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சண்டை போட்டு நிறுத்தவில்லை. ஒரு ஞாயிறு தலைவலி, ஒரு ஞாயிறு பரீட்சை, பிறகு கேட்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம். நாங்கள் தமிழில் பேசுவோம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். அதுவும் மண்டைக்காட்டுத் தமிழ், அம்மாவிடமிருந்து எடுத்தது.

ஊர்வலத்தில் நாங்கள் அவளுக்குப் பின்னால் வருகிறோம் என்று சொன்னபோது தமிழ் வந்தது.

"அந்த வெடி வண்டியா? பிஸ்கட்டுக்கு அதக் கண்டாலே பேடி. ஒரு தடவ வெடிச்சா போதும், அது சாடும். நான் ரோட்டுல கிடப்பேன்."

"அப்பம் நீ குதிரையில ஏறாத, ஏட்டி. நம்ம வண்டியில வந்து பாட்டுப் படி" என்றாள் ஸ்டெல்லா.

"நோ."

"ஏன்?"

"எனக்குப் பாட்டு தெரியாது. குதிர தெரியும்."

ஊர்வலத்துக்கு முந்தைய நாள் வரை பார்ப்பது, நடக்கிற வேகத்தில் வண்டி ஒரு முறை வெடித்தாலும் நாங்கள் விலகிக்கொள்வது என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். ஜெபசிங்கிடம் சொன்னபோது அவர் சிவப்புக் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். தையல் நின்றது.

"நம்ம பிள்ள சாடி விழுந்தா கோட்டு எதுக்கு அண்ணே? வாங்க, செல்வினக் கூப்பிடுவோம்."

5

செல்வின் ஸ்டெல்லாவின் தம்பி. மண்டைக்காட்டில் இரு சக்கர வண்டிகளுக்கு ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான். அம்மன் கோயில் கொடைக்கு முந்தைய வாரம் அவன் கடைக்குள் நுழைய முடியாது. இளவட்டங்கள் சைலன்சர் மாற்ற வரிசையில் நிற்பார்கள். எங்களுக்குக் காலை என்றால் அவனுக்கு இரவுச் சாப்பாடு முடிந்த நேரம். வீடியோவில் பல் குத்திக்கொண்டே வந்தான்.

"அத்தான், ஃபோன இஞ்சின் கிட்ட கொண்டு போங்க. ஆக்சிலேட்டரக் கொடுத்து விடச் சொல்லுங்க."

ஜெபசிங் கொடுத்து விட்டார். டப், டப், டமார்.

"பட்டினி கிடக்க வண்டியாக்கும் இது" என்றான் செல்வின்.

அவன் சொன்னதன் சாரம் இது. புதிய சைலன்சர் புகையை எளிதாக வெளியே விடுகிறது. அதனால் இஞ்சின் கூடுதலாகக் காற்றை இழுக்கிறது. கூடும் காற்றுக்கு ஏற்பப் பெட்ரோல் கூடவில்லை. எரியாமல் போன மிச்சம் சூடான சைலன்சருக்குள் போய் வெடிக்கிறது. பெட்ரோலை அளந்து விடுவது கார்ப்ரேட்டருக்குள் இருக்கும் ஜெட். குண்டூசி நுழையும் துளை போட்ட பித்தளைத் திருகு. துளை பெரிதானால் பெட்ரோல் கூடும். துளையின் அளவு அதன் தலையில் எண்ணாகப் பொறித்திருக்கும்.

"இப்பம் எத்தரையாக்கும் நம்பரு?"

"நூத்திப் பதினெட்டு."

"நூத்தி முப்பது போடுங்க."

"இவ்வளவு கூட்டலாமாடே?"

"அத்தான், நான் எத்தன வண்டிக்குப் போட்டவன்! கண்ண மூடிட்டுப் போடுங்க."

கண்ணை மூடாமலேயே அது கடினமான வேலை. ஜெபசிங்கின் கொட்டகையில் ஹீட்டர் போட்டும் விரல் மரத்தது. பெட்ரோலை அடைத்து, கார்ப்ரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றி, பழைய ஜெட்டை எடுத்து ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு, புதியதை மாட்டினோம். வண்டி கிளம்பியது. வெடிக்கவில்லை. ஜெபசிங் கையைத் தட்டினார். வேகம் கொடுத்ததும் வண்டி இருமியது, திக்கியது, கொட்டகை முழுக்கக் கரும்புகையைக் கக்கிவிட்டு நின்றது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி.

"முந்தி பட்டினி. இப்பம் அஜீரணம்" என்றார் ஜெபசிங்.

செல்வினுக்கு நம்ப முடியவில்லை. கடையிலிருந்து போலி ஜெட் கொடுத்துவிட்டார்கள் என்றான். பெட்ரோலில் கலப்படம் என்றான். கடைசியில், "அங்க காத்து என்ன காத்து அத்தான்?" என்றான், காற்றின் மேல் புகார் கொடுக்கிறவனைப் போல.

6

காற்று என்ன காற்று என்பது, ஆரல்வாய்மொழியில் பிறந்தவனிடம் கேட்கக் கூடிய கேள்விதான். ஆடிமாதத்தில் எங்கள் கணவாய் வழியாக வரும் காற்று, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவரை மறுபடி பஸ்ஸுக்குள் தள்ளும். ஒரு முறை காற்றாலை ஒன்றின் அடியில் நின்று பேட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். குறிப்பெழுதிய தாள் கையிலிருந்து பறந்து அடுத்த காற்றாலைக்குப் போய்விட்டது. பேட்டி கொடுத்த பொறியாளர், மீதியை அந்தக் காற்றாலையிடமே கேட்டு எழுதிக்கொள்ளச் சொன்னார்.

செல்வின் கேட்ட மறுநாள், வேலைக்குப் போகும் வழியில், ஊர் எல்லையில் இருக்கும் வரவேற்புப் பலகையைப் பார்த்தேன். ஆறு ஆண்டுகளாக அதைக் கடந்துதான் போகிறேன். ஊரின் பெயர். அடியில் மக்கள்தொகை. அதற்கும் அடியில், கடல் மட்டத்திலிருந்து உயரம்: ஆயிரத்து நூறு மீட்டரை ஒட்டிய ஒரு எண். படம் எடுத்துச் செல்வினுக்கு அனுப்பினேன். அவன் குரல் செய்தி அனுப்பினான்.

"அத்தான்! மருத்துவாமல மேல இன்னொரு மருத்துவாமலயத் தூக்கி வச்ச ஒசரமில்லா இது! அவ்வளவு மேல காத்து ஒல்லியா கிடக்கும். காத்து கொறஞ்சா பெட்ரோலும் கொறையணும். நம்ம ஊருல மல உச்சியில எவன் அத்தான் சைலன்சர் மாத்துயான்?"

அவன் வாழ்நாளில் சரிசெய்த வண்டிகள் எல்லாம் கடற்காற்றில் மணல் வந்து விழும் ஒரு கொட்டகையில் சரிசெய்யப்பட்டவை. அவன் எண் அங்கே சரியாகவே இருந்திருக்கும்.

சைலன்சருக்காகக் கொஞ்சம் கூட்டி, மலைக்காகக் கொஞ்சம் குறைத்து, குளிருக்காக மறுபடி ஒரு பொட்டுக் கூட்டி, நூற்று இருபத்திரண்டில் வந்து நின்றோம். வண்டி மேய்ச்சல் நிலத்தின் ஓரமாக முழு வேகத்தில் போய் வந்தது. புகை இல்லை, திக்கல் இல்லை. பிளக் சுக்குக் காப்பியின் நிறத்தில் இருந்தது.

"கொள்ளாம்!" என்று கத்திக்கொண்டே ஜெபசிங் வேகத்தைக் குறைத்தார். நடக்கிற வேகத்துக்கு வந்ததும், டப்.

ஊர்வலத்துக்கு ஒரு வாரம் இருந்தது. ஃபெபா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிஸ்கட் காதை மட்டும் திருப்பியது. அவள் அதன் கழுத்தைத் தடவி, "பைய, பைய" என்றாள். அது அவள் அம்மா, அவள் நடை பழகிய காலத்தில் சொன்ன சொல். மெதுவாகப் போ என்பதற்கு அந்தக் குதிரையிடம் அவள் வேறு சொல் உபயோகிப்பதில்லை. அவளுக்குக் கற்றுத்தரும் ஷெரிலும் இப்போது குதிரைகளிடம் "பைய" என்கிறார். அது பழைய ஐரோப்பியக் குதிரைக்காரர்களின் சொல் என்று மற்ற மாணவர்களிடம் சொல்லியிருக்கிறார். ஃபெபா திருத்தவில்லை.

மறுபடி செல்வின்.

"நடக்க வேகத்துலயா வெடிக்கி? அந்த வேகத்துல எதுக்கு அத்தான் ஓட்டுதிய?"

"ஊர்வலம்டே. குதிரைக்குப் பின்னால போணும்."

"இத முதல்லயே சொல்லப்படாதா? நீங்க பத்திரிகக்காரரு, நான் கேட்டாத்தான் சொல்லுவியளா?"

யார், எங்கே, எப்போது, ஏன் என்று பதினெட்டு ஆண்டுகள் கேட்டுச் சம்பளம் வாங்கியவன் நான். எவ்வளவு வேகத்தில் என்று சொல்ல மறந்திருந்தேன். அவனும் கேட்கவில்லை. சைலன்சர் மாற்ற வருகிறவன் நடக்கிற வேகத்தில் போவான் என்று மண்டைக்காட்டில் யாருக்கும் தோன்றாது.

நாங்கள் மாற்றியது வேகமாகப் போகும்போது பெட்ரோல் விடும் பெரிய ஜெட். மெல்லப் போகும்போது வேலை செய்வது வேறொரு சின்ன ஜெட். அதைத் தொடவே இல்லை. அதையும் ஒரு அளவு கூட்டினோம். பழையது தீப்பெட்டிக்குள் முதலாவதன் துணைக்குப் போனது. பக்கத்துத் திருகை அரைச் சுற்று அவிழ்த்தோம். சைலன்சர் மூட்டில் காற்றுக் கசிந்த இடத்தை இறுக்கினோம். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் ஜெபசிங் வேலியோரமாக நடக்கிற வேகத்தில் போய் வந்தார். வெடிகள் நான்கு, இரண்டு, ஒன்று என்று குறைந்தன. ஊர்வலத்துக்கு முந்தைய நாள் மாலை ஒன்றுமில்லை. ஃபெபா வேலிமேல் கை வைத்து நின்று, போகச் சொல்லி, திரும்பி வரச் சொல்லி, இன்னொரு முறை போகச் சொல்லிக் கேட்டாள்.

"ஓகே" என்றாள்.

ஜெபசிங் போய்க் கோட்டை எடுத்துவந்தார்.

7

ஊர்வலத்தில் குதிரைகளுக்கு முன்னால் ஒரு பழைய கார் போனது. யாரோ ஆண்டுக்கணக்கில் துடைத்துப் பாதுகாத்த கார். பின்னால் ஏழு குதிரைகள். அதன் பின்னால் தாடியில்லாத சிவப்புக் கோட்டில் ஜெபசிங், தெருவில் கிடந்தவற்றைச் சுற்றி வளைத்து வளைத்து ஓட்டிவந்தார். டிரெய்லரில் நாங்கள் பாடினோம். நான் பாடவில்லை, இஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது பால் கிடைத்த குழந்தையைப் போல முனகிக்கொண்டே வந்தது.

நூலகத்துக்கு எதிரே வந்தபோது வெடித்தது. எங்கள் வண்டியல்ல, அந்தப் பழைய கார். எங்கள் வண்டி அதன் மோசமான நாளில்கூட அப்படி வெடித்ததில்லை. ஒரு குதிரை இரண்டு காலில் நின்றது. ஒன்று நடைபாதை மேல் ஏறியது. ஷெரிலின் குதிரை குறுக்கே திரும்பி வழியை அடைத்தது. ஸ்டெல்லா என் கையைப் பிடித்த இடத்தில் மறுநாள் கன்றியிருந்தது.

பிஸ்கட் நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பியது, கார் இருந்த திசைக்கு அல்ல, ஜெபசிங் இருந்த திசைக்கு. ஃபெபா குனிந்து ஏதோ சொன்னாள். மற்ற குதிரைகள் அடங்கும் வரை அது அசையவில்லை.

ஊர்வலம் முடிந்ததும் ஷெரில் எங்களிடம் வந்தார். பிஸ்கட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். ஃபெபா எங்கள் வண்டியைக் காட்டி, மூன்று வாரமாக இது பிஸ்கட்டின் வேலியோரத்தில்தான் வெடித்தது என்றாள். ஷெரில் யோசித்துவிட்டு, சனிக்கிழமைகளில் இதைக் கொண்டுவந்து எல்லாக் குதிரைகளுக்கும் முன்னால் வெடிக்க வைக்க முடியுமா என்றார்.

ஜெபசிங் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இவங்க ஒரு மாசம் முந்தி வந்திருந்தா நமக்கு இந்த வெப்ராளம் உண்டுமா?"

8

இந்த அக்டோபரில் அறுப்பின் பண்டிகைக்கு ஜெபசிங் காணிக்கை வைத்தார். ஒரு தீப்பெட்டி. உள்ளே இரண்டு பழைய ஜெட்கள்.

மண்டபத்தின் கடைசி வரிசையில் ஃபெபா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஷெரில், நடப்பது எதுவும் புரியாமல், கையில் வடையோடு. தீப்பெட்டி ஏலத்துக்கு வந்ததும் ஃபெபா கையைத் தூக்கினாள். ஸ்டெல்லா திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கினாள்.

"அம்மா!"

"ஏலம்னா ஏலமாக்கும் மக்கா. வேணும்னா ஏத்திக் கேளு."

ஃபெபா ஏற்றிக் கேட்டாள். நான்கு முறை, தமிழில். ஐந்தாவது முறை ஸ்டெல்லா கையைக் கீழே போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை ஜெபசிங்கின் கொட்டகையில், ஷெரில் கேட்ட வெடிக்காக, அந்த ஜெட்களைத் திரும்ப மாட்டினோம். வண்டி சூடாகும், பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று செல்வின் எச்சரித்திருந்தான். மணி மூன்றே காலுக்கு ஜெபசிங் வேலியோரமாகப் போய், கட்டைவிரலை விசையிலிருந்து எடுத்தார். லாயத்துக்குப் புதிதாக வந்திருந்த இரண்டு குதிரைகள் மேய்ச்சல் நிலத்தின் மறுகோடிக்கு ஓடின. பிஸ்கட் வைக்கோலிலிருந்து தலையை எடுக்கவில்லை.